மழை லீவும் நீலப் பொரியலும்

முதலில் நீலமானது பொரியல்தான்.

ஆடி மழை. தொடர்ந்து மூன்றாவது நாளாக லீவு. எதிர்மேட்டு கேரட் தோட்டமே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி. நீலகிரி மலையில், எங்கள் கேத்தியில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி நாளில் துணிக்கும் மனுஷனுக்கும் ஒரே கதிதான், காயவே காயாது. மழையில் தலை வெடித்துப்போன சிவப்பு முட்டைக்கோஸ் இரண்டை, மண்டியில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பெயர்தான் சிவப்பு, ஆள் நல்ல ஊதா.

அம்மா ஒன்றை நறுக்கித் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடினார். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் வாணலி முழுக்க நீலம். சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி. "இதைச் சாப்பிட்டா வீட்ல எல்லாரும் நீலகண்டன்தான்" என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பங்குனியில் இதே கோஸ் பொரியல் ஊதாவாகவே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே வாணலி, அதே கை. இந்த முறை ஏன் இப்படி என்று அப்போது யோசிக்கவில்லை. புளிப்பு சேர்த்தாலாவது வாய்க்கு நன்றாக இருக்குமே என்று அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சாறு விழுந்த இடமெல்லாம் பிங்க் புள்ளி.

அண்ணன் மகள் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு. "அத்தை! இன்னொருவாட்டி!"

அவளுக்கு ஒரு வேலையும் பாக்கி இருந்தது. வண்ணச் சக்கரம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். போஸ்டர் கலர் பாட்டில்களைத் திறந்தால் ஆறில் ஐந்து பாறையாகிக் கிடந்தன, ஆறாவது வெள்ளை. இந்த மழையில் ஊட்டிக்கு பஸ் ஏறுவதா? சரி, வீட்டில் இருப்பதை வைத்து ஆறு கலர் பண்ணிவிடலாம் என்று இறங்கினோம். ஒரு மணி நேரத்து வேலை என்று நினைத்தேன். பத்து நாளுக்கு மேல் ஆனது.

முதல் நாள்

கால் கோஸைப் பொடியாக நறுக்கி, மூன்று டம்ளர் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். இந்த உயரத்தில், அதாவது 2,000 மீட்டருக்கு மேல், தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் தகராறு. கோஸ் கலர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, நிமிஷத்தில் இறங்கிவிட்டது. பொரியல் நீலமான அனுபவம் இருந்ததால் இந்த முறை முற்றத்து அண்டாவில் நிரம்பியிருந்த மழைத்தண்ணீரை எடுத்தேன். சாறு அழகான ஊதாவாக வந்தது. அந்த முடிவு எவ்வளவு நல்லது என்பது ஆறாம் நாள்தான் புரிந்தது.

பேலட்டுக்கு இட்லித் தட்டு. குழிகுழியாக, கழுவ லேசாக, இதைவிட நல்ல பேலட் எந்தக் கடையிலும் கிடைக்காது. எவர்சில்வர் தட்டுதான் எடுக்க வேண்டும். பழைய அலுமினியத் தட்டில் சுண்ணாம்பு பட்டால் அரித்துவிடும்.

ஒவ்வொரு குழியிலும் இரண்டு ஸ்பூன் சாறு ஊற்றி, அடுப்பங்கரை அலமாரியில் இருந்ததை ஒவ்வொன்றாகப் போட்டோம். எலுமிச்சை விட்டதும் பளீர் பிங்க். வினிகரிலும் பிங்க்தான். புளித்தண்ணி தன் சொந்தப் பழுப்பையும் கொண்டுவந்ததால் செங்கல் மாதிரி ஆனது. தயிரில் ஊதா கொஞ்சம் ரோஜாப்பூ பக்கம் சாய்ந்து, குல்பி மாதிரி ஆகிவிட்டதில் அவள் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஆப்ப சோடாவில் நீலம். இன்னும் ஒரு சிட்டிகை போட்டால் மயில்கழுத்து. அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு மிளகளவு, அதை மட்டும் அம்மாவே எடுத்துப் போட்டார். பச்சை. இன்னும் கொஞ்சம் சேர்த்ததும் பச்சையும் போய் எலுமிச்சை மஞ்சள். சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது, கண்ணில் பட்டால் விளையாட்டு வினையாகிவிடும்.

ஒரே கோஸிலிருந்து பிங்க், ஊதா, நீலம், பச்சை. எல்லாம் ஆந்தோசயனின் என்ற ஒரே நிறமியின் வேலை. புளிப்பைக் கண்டால் ஒரு பக்கம், காரத்தைக் கண்டால் மறு பக்கம். (மிளகாய்க் காரம் இல்லை, சோடா, சுண்ணாம்பு மாதிரிப் புளிப்புக்கு எதிரான காரம்.) அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "இது உங்க அப்பா மாதிரி. யார்கிட்டப் பேசுதோ அதுக்குத் தகுந்த மாதிரி மூஞ்சி மாறும்."

பிங்க் குழியை நீலக் குழியில் அவளாகவே கவிழ்த்தாள். நுரை பொங்கித் தட்டிலிருந்து வழிந்தது, நடுவில் பழைய ஊதா திரும்ப வந்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவள் வேறு எதுவும் செய்யவில்லை, நானும் தடுக்கவில்லை. அரை பாக்கெட் ஆப்ப சோடா காலி.

கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் கலந்து கெட்டியாக்கினால் பிரஷ்ஷில் நிற்கிறது. ஆனால் டிராயிங் ஷீட்டில் ஊதாவாகத் தீட்டியது காய்ந்தபோது சாம்பல்நீலமாக இருந்தது. தையல் மெஷின் பக்கத்தில் கிடந்த காடாத் துணித் துண்டில் தீட்டிய அதே சாறு ஊதாவாகவே இருந்தது. காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்காகப் பல ஆலைகள் சுண்ணாம்புக்கல் பொடி சேர்க்கின்றன. நாம் கலரைத் தொடும் முன்னாலேயே தாள் அதோடு பேசிவிடுகிறது. துணி வெட்டி மிஞ்சுவது என் வீட்டில் மூட்டை மூட்டையாக உண்டு, அதனால் காகிதத்தை விட்டுத் துணிக்கு மாறினோம்.

அன்று ராத்திரி இன்னொரு வேலையும் செய்துவைத்தேன். கறுப்புக்காக. கொட்டகையில் கிடந்த துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி, ஊறுகாய் பாட்டிலில் வினிகர். மூடியை இறுக்காமல் சும்மா வைத்தேன், உள்ளே வாயு கிளம்பும், இறுக்கினால் பாட்டிலுக்கு ஆபத்து.

இரண்டாம் நாள்

மஞ்சள் தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் மணலாகத் தங்கும். கொரோனா காலத்துச் சானிடைசர் ஒரு பாட்டில் பீரோ மேல் இருந்தது. தண்ணி மாதிரி இருக்கும் வகை. அதில் அரை ஸ்பூன் போட்டுக் குலுக்கி, தெளிந்ததை மட்டும் எடுத்தால் தங்கம் மாதிரி மஞ்சள். (அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் திண்ணையில் செய்தோம்.)

துணியில் மஞ்சள் பூசிக் காயவைத்து, ஈர்க்குச்சியை ஆப்ப சோடாத் தண்ணீரில் தொட்டு அவள் பெயரை எழுதினேன். செம்மண் நிறத்தில் எழுத்து எழுந்தது. நான் பெரிதாக விளக்கத் தயாரானேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இது ஆரத்தி தானே அத்தை."

ஆமாம், ஆரத்திதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டால் சிவக்கும் என்பதை எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டதும் ரத்தம் மாதிரி ஆகிறதே, அதுவும் இதுதான். மஞ்சளின் நிறமி குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். நாற்பது வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தது, ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட எனக்கு ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை வேண்டியிருந்தது.

அப்புறம்தான் வந்தது வினை. சக்கரத்தில் பச்சை வேண்டும். "நீலமும் மஞ்சளும் சேர்ந்தா பச்சை" என்று புத்தகத்தில் இருக்கிறது. கோஸ் நீலத்தை ஊற்றினாள், மேலே மஞ்சளைச் சொட்டினாள். வந்தது மாட்டுக்கொட்டகை கழுவின தண்ணீர் கலர். மறுபடி ஊற்றினாள். மறுபடியும் அதே பழுப்பு. மூன்றாவது தடவை உதடு பிதுங்கியது. "புத்தகம் பொய்யா அத்தை?"

புத்தகம் பொய்யில்லை. எங்கள் நீலத்துக்குள் சோடா இருக்கிறது. அது மஞ்சளைத் தொட்டதும் மஞ்சள் மஞ்சளாக இல்லை, சிவப்பாகிவிட்டது. நீலத்தோடு சேர்ந்தது சிவப்பு, கூடவே மிஞ்சிய மஞ்சளும். மூன்றும் கலந்தால் சேறுதானே? பாட்டில் கலர் சாதுவானது, எதோடு கலந்தாலும் தன் குணம் மாறாமல் கலக்கும். அடுப்பங்கரைக் கலருக்கு வாய் உண்டு, பதில் பேசும். இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டைவிட, அவளே சோடாத் தண்ணீரைத் தனியாக, மஞ்சளைத் தனியாக வைத்துச் சொட்டிப் பார்த்தபோது வேகமாகப் புரிந்தது. பச்சைக்கு மஞ்சளே வேண்டாம், கோஸ் சாறும் சுண்ணாம்பும் போதும் என்று கடைசியில் அவள்தான் சொன்னாள்.

பீட்ரூட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேத்தி மண்ணின் பீட்ரூட், பிழிந்ததும் பட்டுப்புடவைச் சிவப்பு. எலுமிச்சைக்கு அசையவில்லை, சோடாவுக்கும் பெரிதாக அசையவில்லை, சுண்ணாம்புக்கு மட்டும் மங்கி மஞ்சளித்தது. அதன் நிறமி பீட்டாலைன், வேறு குடும்பம். மறுநாளே துணியில் பழுப்பேறியது. மூன்றாம் நாள் டம்ளரில் வெள்ளையாகப் பூசணம். இந்த ஈரத்தில் சாற்றை வெளியே வைக்காதீர்கள், பிரிட்ஜில் வையுங்கள், அதுவும் இரண்டு மூன்று நாள்தான்.

அன்று சாயந்திரம் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாக்பீஸில் அடியிலிருந்து விரல்கடை உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வளையம் போட்டு, தட்டில் துளி தண்ணீர் விட்டு நிறுத்தினோம். தண்ணீர் ஏற ஏறக் கறுப்புக்குள்ளிருந்து நீலமும் ஊதாவும் மஞ்சளும் பிரிந்து மேலே போயின. ஐந்து நிமிஷ வேலை. எழுதினால் அழியாத மார்க்கரில் இது நடக்காது, அதன் மை தண்ணீரில் கரையாதது.

நான்காம் நாள்

ஆணி பாட்டில் வெளுத்த துரு நிறத்துக்கு வந்திருந்தது. டீத்தூளைக் கூடுதலாகப் போட்டுக் கொதிக்கவைத்த டிக்காஷனை இட்லித் தட்டுக் குழியில் ஊற்றி, ஆணித்தண்ணீரை ஸ்பூனால் நாலு சொட்டு விட்டேன். செந்நிற டிக்காஷன் ஒரு மூச்சுக்குள் மையாகிவிட்டது.

அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "வாழைக்காய் அரிஞ்சா அருவாமனை கறுக்குதுல்ல, அது போலத்தான்." சரியாகச் சொன்னார். வாழைக்காயின் துவர்ப்பும் டீயின் துவர்ப்பும் டானின் வகை. இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை செய்ததும் இதே கணக்குதான். சுற்றிலும் தேயிலை இருக்கும் ஊரில் கறுப்பு மைக்குக் கடைக்குப் போக வேண்டியதே இல்லை.

ஈர்க்குச்சியின் நுனியைக் கடித்து நார்நாராக்கினால் நல்ல பிரஷ். எழுதும்போது கோடு வெறும் சாம்பல் நிறம். இது தேறாது என்று நினைத்து டீ குடிக்கப் போனோம். டம்ளரை வைத்துவிட்டு வந்து பார்த்தால் அதே கோடு கறுத்திருந்தது. காற்றுப் படப்படத்தான் கறுக்கிறது. அவள் இரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டு, மூக்கு துணியில் படும்படி குனிந்து, அது கறுப்பதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வெள்ளைக் காடாத் துணியில் எங்களிடம் கெட்டியாக நிற்கிற கலர் இரண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு, டீக் கறுப்பு. பார்த்ததும் எனக்கு இந்த மலையின் பழங்குடிகளான தோடரின் போர்வைதான் நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கீழே எதுவும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தையல்காரியாகச் சொல்கிறேன், பின்பக்கத்தையும் முன்பக்கத்தைப் போலவே காட்டலாம் என்கிற தையல் என் கைக்கு வராது. நாங்கள் ஈர்க்குச்சியால் பட்டைப் பட்டையாகக் கோடு மட்டும் போட்டோம். மாட்டுக்கொம்பு மாதிரி ஒன்று போட்டாள், மாடு மாதிரி வரவில்லை. அவள் கவலைப்படவில்லை.

கெட்டி என்று சொன்னது அவசரம். மறுநாள் காலை சிவப்பு மங்கி ஆரஞ்சாகிக் கிடந்தது. சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து வீரியம் குறைந்ததும் மஞ்சள் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. டீக் கறுப்பு மட்டும் அசையவில்லை. படிகாரத் தண்ணீரில் ஊறவைத்த துணியில் கோஸ் கலர் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் சோப்பு போட்டுத் துவைத்தால் அதுவும் நீலமாகி வெளுத்துப் போகிறது. இவையெல்லாம் மாட்டிவைக்கும் கலர் இல்லை.

ஆறாம் நாள்

மழை கொஞ்சம் விட்டது. பொரியல் விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மூன்று குழியில் மூன்று தண்ணீர்: மழைத்தண்ணீர், வீட்டுக்கு ஊற்றிலிருந்து வரும் பைப் தண்ணீர், பின்பக்க சிமென்ட் தொட்டித் தண்ணீர். ஒவ்வொன்றிலும் கோஸ் சாறு நாலே சொட்டு. முதல் இரண்டும் ஊதா. மூன்றாவது நீலம்.

தொட்டிக்குச் சித்திரையில்தான் உள்பூச்சு புதிதாகப் பூசினோம். புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கொஞ்ச காலம் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் காரமாகிவிடும். பங்குனியில் ஊதா, ஆடியில் நீலம். குற்றவாளி கோஸ் இல்லை, தொட்டி. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப என் கைப்பக்குவம் சரியாத்தான் இருந்துச்சு" என்று அவருக்கு அதுதான் முக்கியம். தொட்டியை இரண்டு தரம் காலி செய்து நிரப்பினோம். சமையலுக்குப் பைப் தண்ணீர் மட்டும்.

அதே சாயந்திரம் அவள் வேலியோரம் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் வேலி முழுக்க ஹைட்ரேஞ்சியா. பந்து பந்தாக நீலம், இந்த மலையில் எந்த ரோட்டோரத்திலும் பார்க்கிற அதே பூ. கடைசிச் செடி மட்டும் பிங்க். வருஷக்கணக்காகக் கடந்து போகிறேன், வேறு ரகம் என்று நினைத்திருந்தேன். அது நிற்கிற இடம் தொட்டியின் வழிசல் குழாய்க்கு நேர் கீழே. தொட்டி கட்டின காலத்தில் கொத்தனார் சாந்துச்சட்டி கழுவி ஊற்றியதும் அங்கேதான்.

"இதுவும் கோஸ் மாதிரியா அத்தை?"

ஆமாம் என்று வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. அவளே பிடித்துவிட்டாள். "சுண்ணாம்புக்குக் கோஸ் பச்சை ஆச்சு. பூ ஏன் பிங்க் ஆச்சு?"

தலைகீழ்தான். அன்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து தேடிப் படித்தோம். பூவில் இருப்பதும் ஆந்தோசயனின்தான். ஆனால் இங்கே கலரை மாற்றுவது அலுமினியம். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் எங்கள் மண். 4.5 முதல் 5.5 வரையிலான பிஎச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) தேயிலைக்குத் தோது என்பார்கள். அந்தப் புளிப்பில் மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேர் வழியாகப் பூவுக்கு ஏறுகிறது, நிறமியைப் பிடித்துக்கொள்கிறது, பூ நீலமாகிறது. சுண்ணாம்பு விழுந்த இடத்தில் அலுமினியம் மண்ணிலேயே இறுகிவிடும், வேருக்குக் கிடைக்காது. பூ பிங்க்காகவே நின்றுவிடும். வெள்ளை ரகத்துக்கு மாற்ற நிறமியே கிடையாது, அது எந்த மண்ணிலும் வெள்ளைதான்.

பதினோராம் நாளும் அதற்கப்புறமும்

வண்ணச் சக்கரம் பள்ளிக்குப் போயாயிற்று. ஊதா, பிங்க், நீலம், பச்சை கோஸிலிருந்து, மஞ்சளும் ஆரஞ்சும் மஞ்சளிலிருந்து, கோடு எல்லாம் டீயால். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில், பச்சைக்குப் பக்கத்திலேயே, அந்த மாட்டுக்கொட்டகைப் பழுப்பையும் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தாள். எடுத்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். "வந்துச்சுல்ல அத்தை" என்றாள். போகும்போது இருந்த மஞ்சள், ஜன்னலோரம் ஒட்டி வைத்ததில் ஒரு வாரத்தில் பாதி வெளுத்துவிட்டதாம். வெயிலே இல்லாத ஊரில், இருக்கிற வெளிச்சமே அதற்குப் போதும்.

படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னது என் தப்பு. அண்ணன் ஷேவிங் செட்டில் வைத்திருந்த கட்டியைக் காணோம். குடத்துத் தண்ணீரில் கரைத்து, பிங்க் செடியின் வேரில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். வழிசல் குழாயை நான் வேறு பக்கம் திருப்பிவிட்டேன். இப்போது இருக்கும் பூ மாறாது, மாறினால் அடுத்த பருவத்துப் பூவில்தான் தெரியும் என்று சொன்னேன். ஒரு கிளையில் காடாத் துணி நாடா கட்டி, டீ மையால் தேதி எழுதி வைத்திருக்கிறாள். மழையில் அது கரைகிறதா என்று தினம் காலையில் போய்ப் பார்க்கிறாள். இதுவரை கரையவில்லை.